மலிவான கணினிப் பெட்டியும் வலு வழங்கியும்: வாங்குமுன் கணக்கிட்டுப் பாருங்கள்

மாணவர்களே, கணினியொன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தும்போது பலரும் முறைவழியாக்கியின் வேகத்தையும் வன்தட்டின் கொள்ளளவையும் பற்றியே விசாரிப்பர். பணம் போதாதபோது முதலிற் கைவைக்கப்படுவது, கடைகளில் ‘கேசிங்’ எனப்படும் பெட்டியிலும் ‘பவர் சப்ளை’ எனப்படும் வலு வழங்கியிலுமே ஆகும். இரண்டையும் சேர்த்து மலிவு விலைக்கு விற்பதும் உண்டு.

ஆனால் கணினியின் எல்லாப் பாகங்களும் இந்த ஒரு வலு வழங்கியிடமிருந்தே மின்னைப் பெறுகின்றன. அது பழுதடையும்போது தாய்ப்பலகையும் வன்தட்டும் சேர்ந்து பழுதடையலாம். வன்தட்டை மீண்டும் வாங்கலாம். அதிற் சேமித்த செயற்றிட்ட அறிக்கையையும் குடும்பப் படங்களையும் வாங்க முடியாது. எனவே விஞ்ஞான பாடத்திற் கற்ற ஒரு சமன்பாட்டைக் கொண்டே நல்ல வலு வழங்கியை இனங்காணும் முறையைப் பார்ப்போம்.

1. வலு வழங்கியின் தொழில்

இலங்கையில் வீடுகளுக்குக் கிடைப்பது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாகும். கணினியின் பாகங்களுக்கோ 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டம் தேவை. வலு வழங்கி ஆடலோட்டத்தைச் சீராக்கி, கொள்ளளவிகளிற் சேமித்து, உயர் மீடிறனில் ஆளியிட்டு, நிலைமாற்றியினால் வோல்ற்றளவைக் குறைத்து, மீண்டும் சீராக்கி வழங்குகின்றது.

மேசைக் கணினிகளுக்கான ஏ.ரி.எக்ஸ். நியமத்தின் முந்திய பதிப்புகளின்படி இம்மூன்று வோல்ற்றளவுகளும் 5% இற்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. அதாவது 12 வோல்ற்று வழி 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் இருக்க வேண்டும். அதில் எஞ்சும் குற்றலையும் 120 மில்லிவோல்ற்றைத் தாண்டக்கூடாது. தரங்குறைந்த வலு வழங்கியில் சுமை கூடும்போது இவ்வெல்லைகள் மீறப்படுகின்றன. கணினி காரணமின்றி நின்று மீள ஆரம்பித்தல், கோப்புகள் சிதைதல் போன்றவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பலர் இதை வைரசு எனத் தவறாக எண்ணுவர்.

2. பெரிய எழுத்திலுள்ள இலக்கத்தை நம்பலாமா?

வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம்

பெட்டியின் மேல் ‘500 வாற்று’ எனப் பெரிதாக அச்சிடப்பட்ட வலு வழங்கியொன்றின் விபரச்சிட்டையில் பின்வருமாறு உள்ளதெனக் கொள்வோம்.

12 வோல்ற்று, 15 அம்பியர்: 12 × 15 = 180 வாற்று
5 வோல்ற்று, 25 அம்பியர்: 5 × 25 = 125 வாற்று
3.3 வோல்ற்று, 20 அம்பியர்: 3.3 × 20 = 66 வாற்று
மொத்தம் = 371 வாற்று

எஞ்சிய சிறு வழிகளைச் சேர்த்தாலும் 500 வாற்று வரவில்லை. மேலும், இன்றைய கணினியில் முறைவழியாக்கியும் வரைவியல் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ற்று வழியிலேயே தங்கியுள்ளன. இவ்விரண்டுக்கும் முறையே 95, 120 வாற்றுத் தேவையெனின் மொத்தம் 215 வாற்று. கிடைப்பதோ 180 வாற்று மட்டுமே. எனவே ‘500 வாற்று’ வலு வழங்கி இக்கணினிக்குப் போதாது.

3. வினைத்திறனும் வெப்பமும்

கணினிக்கு 240 வாற்றுத் தேவையென்க. வினைத்திறன் 80% எனின், சுவர்க் குதையிலிருந்து 300 வாற்றுப் பெறப்படும். 60 வாற்று வெப்பமாகும். வினைத்திறன் 60% எனின், 400 வாற்றுப் பெறப்பட்டு 160 வாற்று வெப்பமாகும். இவ்வெப்பம் கொள்ளளவிகளின் ஆயுளைக் குறைப்பதோடு மின் கட்டணத்தையும் கூட்டும். வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் மாதாமாதம் கட்டணமாக வெளியேறுகின்றது. 2004 இல் ஆரம்பிக்கப்பட்ட ‘80 பிளஸ்’ சான்றிதழ் வினைத்திறன் 80% இற்குக் குறையாமையைக் காட்டும் அடையாளமாகும்.

4. விலை குறைவது எவ்வாறு?

(அ) உள்ளீட்டு வடிகட்டிப் பாகங்களைத் தவிர்த்து, அவ்விடத்தில் வெறும் கம்பித் துண்டை ஒட்டிவிடுதல்.
(ஆ) மிகை வோல்ற்றளவு, மிகைச் சுமை ஆகியவற்றிலிருந்து காக்கும் சுற்றுகளை விட்டுவிடுதல்.
(இ) சிறிய கொள்ளளவிகளையும் மெல்லிய கம்பிகளையும் பயன்படுத்தல்.

இவற்றுள் (ஆ) மிகவும் ஆபத்தானது. காப்புச் சுற்று இருப்பின் பழுதேற்படும்போது வலு வழங்கி தானாகவே நின்றுவிடும். இல்லாவிடின் மிகை வோல்ற்றளவு நேரே வன்தட்டைச் சென்றடையும்.

5. பெட்டியிற் கவனிக்க வேண்டியவை

மிக மெல்லிய தகட்டாலான பெட்டி எளிதில் வளையும்; அதிரும். மழுக்கப்படாத விளிம்புகள் விரல்களை வெட்டும். தாய்ப்பலகையைத் தாங்கும் தாங்கிகள் சரியான இடத்தில் இல்லாவிடின் பலகையின் அடிப்பக்கம் தகட்டிற் பட்டுக் குறுஞ்சுற்று ஏற்படும். முன்புறமாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரவும் பின்புறமாகச் சூடான காற்று வெளியேறவும் வழி இருக்க வேண்டும்.

6. உயிர்ப் பாதுகாப்பு

உலோகப் பெட்டியைத் தொடும்போது கையிற் கூச்சம் தோன்றினால் புவித்தொடுப்பு இல்லையெனக் கருதுக. வடிகட்டியிலுள்ள இரு சிறு கொள்ளளவிகள் உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் பெட்டியுடன் தொடுக்கின்றன. புவிக்கம்பி இல்லாதபோது பெட்டி ஏறத்தாழ 115 வோல்ற்றில் நிற்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் கூச்சத்துடன் முடிகின்றது. ஆனால் உள்ளே காவலி பழுதடைந்தால் பெட்டி முழு வோல்ற்றளவையும் பெற்று உயிராபத்தை விளைவிக்கும். எனவே மூன்று முனைச் செருகியை இரு முனைக் குதையிற் செருகாதீர்கள்.

வலு வழங்கியை ஒருபோதும் திறக்க வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். பின்புறம் 115/230 எனும் ஆளி இருப்பின் அது 230 இல் உள்ளதா எனப் பார்த்த பின்னரே மின்னைக் கொடுங்கள்.

நினைவிற் கொள்க

• பெரிய எழுத்திலுள்ள வாற்றை விட்டு, 12 வோல்ற்று வழியின் அம்பியரைப் பாருங்கள்.
• சிட்டையில் அம்பியர் குறிப்பிடப்படாத வலு வழங்கியை வாங்காதீர்கள்.
• பெட்டியையும் வலு வழங்கியையும் தனித்தனியே தெரிவு செய்யுங்கள். பணம் குறைவெனின் பெட்டியின் அலங்காரத்தைக் குறைத்து, வலு வழங்கிக்குச் செலவிடுங்கள்.

பயிற்சி வினா

‘450 வாற்று’ எனக் குறிக்கப்பட்ட வலு வழங்கியின் 12 வோல்ற்று வழி 18 அம்பியர் வழங்கும். முறைவழியாக்கிக்கும் வரைவியல் அட்டைக்கும் இவ்வழியில் 200 வாற்றுத் தேவை. இது பொருத்தமானதா?

விடை: 12 × 18 = 216 வாற்று. தேவையை விட 16 வாற்று மட்டுமே மிகுதி. விசிறிகளும் வன்தட்டின் மோட்டரும் இதே வழியில் இயங்குவதால் இது பொருத்தமற்றது.