நாகேஷின் நடிப்பில் சபா நாடக மரபின் பங்கு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட நகைச்சுவை நடிகர்களுள் நாகேஷ் (1933–2009) உடலசைவின் வேகத்திற்காகப் பெரிதும் பேசப்படுபவர். அவ்வேகம் சென்னைச் சபா மேடையில் உருப்பெற்றது என்பதையும், அம்மேடையே நகைச்சுவை நடிகரைக் கதையின் மையத்திற்குக் கொண்டுவந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பும் மேடையும்

வேடசந்தூர் வழியே பாயும் குடகனாறு வடக்கே சென்று அமராவதியில் கலக்கிறது. அந்த அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்தில், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் வளர்ந்தவர் நாகேஷ். தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாக வழங்கும் சமவெளி இது. பின்னர்ச் சென்னையில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடமேற்று எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றார்.

என்.எஸ். கிருஷ்ணன் தொழில்முறை நாடகக் குழுவில் பயின்று திரைக்கு வந்தவர். நாகேஷோ, பகலில் அலுவலகம் சென்று மாலையில் நடித்தவர்களின் பயில்முறை அரங்கிலிருந்து வந்தவர். அவருக்காக நாடகம் எழுதிய கே. பாலசந்தரும் அக்காலத்தில் கணக்காயர் அலுவலக ஊழியரே. காட்சியமைப்புகள் குறைவான அவ்வரங்கில் குரலும் உடலும் உரையாடலின் காலக்கணிப்புமே நடிகரின் கருவிகளாயின. ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் டி.எஸ். பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியிலும், ‘திருவிளையாடல்’ (1965) தருமியின் தனிப்புலம்பலிலும் இப்பயிற்சி வெளிப்படுகிறது. இரண்டிலும் இடமாற்றம் ஏதுமில்லை. ஒரே இடத்தில் நடிகரின் குரலும் உடலுமே காட்சியை நிறைக்கின்றன. இலண்டன் மேடையில் உடல்வழி நகைச்சுவை பயின்று, 1914இல் அமெரிக்கத் திரையில் நுழைந்த சார்லி சாப்ளினின் வளர்ச்சியும் இத்தகையதே.

துணைக்கதையிலிருந்து மையத்திற்கு

அதுவரை பெரும்பாலான தமிழ்ப்படங்களில் நகைச்சுவை, முதன்மைக் கதையினின்று பிரித்தெடுக்கத்தக்க தனிப்பகுதியாகவே அமைந்தது. ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘நீர்க்குமிழி’ (1965), ‘எதிர்நீச்சல்’ (1968) ஆகிய மூன்றும் பாலசந்தரின் நாடகங்களிலிருந்து உருவான படங்கள். உணவகப் பணியாளன், நோயாளி, பல குடித்தனங்களுக்கு எடுபிடி வேலை செய்யும் அநாதை மாணவன் என மூன்றிலும் நாகேஷின் பாத்திரமே கதையின் மையம். இவற்றிலிருந்து நகைச்சுவையை நீக்கினால் கதையே எஞ்சாது.

இவற்றுள் ‘சர்வர் சுந்தரம்’ தனித்துக் கருதத்தக்கது. திரையில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகனாகும் சுந்தரத்திற்குக் காதல் கைகூடுவதில்லை, தாயையும் இழக்கிறான், இறுதியில் பழைய பணிக்கே திரும்புகிறான். ஊரைச் சிரிக்க வைப்பவனுக்குத் தன் துயரைச் சொல்ல இடமுண்டா என்னும் வினாவை, நகைச்சுவை நடிகரைக் கொண்டே இப்படம் எழுப்புகிறது.

முடிவுரை

இம்மாற்றம் நிலைபெறவில்லை. பின்வந்த பல படங்களில் நாகேஷ் மீண்டும் துணைப்பாத்திரங்களையே ஏற்றார். எனினும் ‘நம்மவர்’ (1994) படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்ததற்கே சிறந்த துணைநடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சிரிப்புக்கு அடியில் துயரத்தை வைத்துக் காட்டும் இத்திறனுக்கு முதலில் இடமளித்தது சபா மேடை. நாடக நிகழ்வு அன்றன்றே மறைந்துவிடுவது, திரைவடிவமே எஞ்சுகிறது. ஆகவே இம்மூன்று படங்களையும் திரைப்பட வரலாற்றுக்குரியனவாக மட்டுமன்றி, மறைந்துபோன மேடையின் சான்றுகளாகவும் வாசிப்பதே பொருத்தமுடையது.