நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

பனி கொட்டும் ஊரில் சிறிய கார் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வியில் கட்டாயம் சிக்கிக்கொள்கிறார்கள். எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றும் ஃப்ரண்ட் வீல் டிரைவ் போதுமா, நான்கையும் சுழற்றும் ஆல் வீல் டிரைவ் வேண்டுமா? கனடாவில் டொயோட்டா கொரோலா ஹைப்ரிட், மாஸ்டா 3 இரண்டும் இரு வகையிலும் விற்கப்படுகின்றன. அதனால் டொரான்டோவிலும் மொன்றியலிலும் வாழும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கு இது கையில் இருக்கும் காசைப் பற்றிய கேள்வி. கூடுதலாகச் செலவழிக்க ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், அது முதலில் குளிர்கால டயருக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால் ஆல் வீல் டிரைவைப் பற்றி யோசிக்கலாம். இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது.

சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடுவது இட நெருக்கடியால் வந்த ஏற்பாடு. 1959இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சுமார் 3 மீட்டர் நீளக் காருக்குள் நான்கு பேரை உட்கார வைத்தார். அவர் கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வைத்திருந்தார். இத்தாலியப் பொறியாளர் டான்டே ஜியாகோசா 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா காரில் அதை எஞ்சினின் பக்கவாட்டில் நகர்த்தினார். இன்றைய சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை அந்த அமைப்பின் வாரிசுகள்தான். 1983இல் வந்த மாருதி 800உம் முன்சக்கர இயக்கமே. இதனால் இடம் மிச்சமானதோடு இன்னொரு நன்மையும் கிடைத்தது. எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் பாரமும் இழுக்கிற சக்கரங்களின் மேலேயே அமர்கிறது. காரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால் இருப்பதால், வழுக்கும் சாலையிலும் முன்சக்கரங்கள் ஓரளவு பிடிமானத்தோடு இழுக்கின்றன.

நான்கு சக்கர இயக்கம் சாதாரணக் காருக்குள் வந்ததற்குப் பனிதான் காரணம். ஜப்பானின் தோஹோகு வட்டாரத்தில் பனிமலைகளில் மின்கம்பிகளைப் பராமரிக்கும் மின் நிறுவனம், ஜீப்பைவிட வசதியான வண்டி கேட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்தது 1972இல் வெளிவந்த சுபாரு லியோனியின் நான்கு சக்கர இயக்க வண்டி. 1983இல் ஃபியட் பாண்டா 4x4 வந்து, குறுக்கு எஞ்சின் கொண்ட குட்டிக் காரிலும் இது முடியும் என்று காட்டியது. பழைய பாண்டாவில் ஓட்டுநர் நெம்புகோலை இழுத்துப் பின்சக்கரங்களை இணைக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் விடுவிக்க வேண்டும். இன்று அந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பின்னச்சுக்கு முன்னால் உள்ள உறைக்குள் கிளட்ச் தகடுகள் வரிசையாக இருக்கும். முன்சக்கரம் சறுக்குவதை உணரிகள் கண்டதும் தகடுகள் ஒன்றோடொன்று அழுந்தி, எஞ்சினின் திருப்புவிசை நீளத் தண்டு வழியாகப் பின்னாலும் போகிறது. கொரோலா ஹைப்ரிடில் அந்தத் தண்டே கிடையாது. பின்சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு மின்மோட்டார் இருக்கிறது.

இத்தனை நுட்பமும் எதற்கு உதவுகிறது என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு காய்ந்த தாரில் 0.8 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.2 என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரக் காருக்கு எடையில் 60 சதவீதம்தான் இழுக்க உதவும் என்பதால், 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் சரிவிலேயே அது திணறிவிடும். நான்கு சக்கரமும் இழுத்தால் 20 மீட்டர் உயரும் சரிவு வரை ஏறலாம். இது பெரிய வித்தியாசம், மறுக்கவே முடியாது. ஆனால் நல்ல குளிர்கால டயரால் அந்த 0.2ஐ 0.3 ஆக்க முடிந்தால், முன்சக்கரக் காரே 18 மீட்டர் வரை ஏறிவிடும். இனி பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார், உராய்வு 0.2 என்றால் நிற்க 49 மீட்டர் எடுக்கும், 0.3 என்றால் 33 மீட்டரில் நின்றுவிடும். இந்த 16 மீட்டரில் மூன்று கார்கள் வரிசையாக நிற்கலாம். ஒரு குழந்தை சாலையைக் கடக்கும் இடமாகவும் அது இருக்கலாம். இந்தக் கணக்கில் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் உண்டு.

குளிர்கால டயரைக் குனிந்து பார்த்தால் அதன் பிடிமானத்துக்குக் காரணம் விளங்கும். தரையைத் தொடும் ஒவ்வொரு ரப்பர் கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல் வளைந்து வளைந்து மெல்லிய வெட்டுகள் ஓடும். வண்டி நகரும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக்கொள்கின்றன. ரப்பரின் கலவையும் வேறு. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடைக்கால டயர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் அப்போதும் மிருதுவாகவே இருக்கும். பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருந்தால், அந்த டயர் பனிச்சோதனையில் தேறியது என்று அர்த்தம்.

‘ஆல் வீல் டிரைவ் இருந்தால் வளைவில் நிலையாகப் போகுமே’ என்பார்கள். வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியேறும்போது அது உண்மை; ஆடி குவாட்ரோ 1980களில் ராலி பந்தயங்களை வென்றதே அப்படித்தான். ஆனால் வளைவுக்குள் நுழையும்போது காரைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது டயர் மட்டுமே. எனக்குப் பெரிய கவலை வேறொன்று. முன்சக்கரக் கார் சிக்னலில் கிளம்பும்போதே சக்கரம் வீணாகச் சுழன்று, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்று எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் கார் அலுங்காமல் கிளம்பிவிடுவதால் ஓட்டுநருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

‘ஆண்டுக்கு இரண்டு முறை டயர் மாற்றுவது வீண் செலவு’ என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு செட் டயர் ஓடும்போது மற்ற செட் தேயாமல் கிடப்பதால், டயருக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி வீணாவதில்லை. ஒன்டாரியோவில் 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. ஆல் வீல் டிரைவின் செலவோ கார் இருக்கும்வரை தொடரும். கூடுதல் எடையைக் கோடையிலும் சுமக்க வேண்டும், அதற்கு எரிபொருளும் வேண்டும். பின்னால் தண்டு போகும் காரில் ஒரு டயர் கிழிந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. புதியதற்கும் தேய்ந்ததற்கும் சுற்றளவு வேறுபட்டால் கிளட்ச் தகடுகள் ஓயாமல் உரசிச் சூடாகும் என்பதால், சில சமயம் நான்கையுமே மாற்றச் சொல்வார்கள்.

ஆல் வீல் டிரைவ் நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலே செங்குத்தான சரிவு. பனி அகற்றும் வண்டி வருவதற்கு முன் விடியற்காலை நான்கு மணிக்கு மருத்துவமனை வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். நகரத்துக்கு வெளியே மேட்டுநிலத்தில் குடியிருப்பு. இவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அவர்களும் குளிர்கால டயரைத் தவிர்க்க முடியாது. 2008 முதல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கும் கியூபெக் மாகாணச் சட்டம், ஆல் வீல் டிரைவ் கார் என்பதற்காக யாருக்கும் விலக்குத் தரவில்லை.