டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாதது

மீன் தொட்டியில் செடி வளர்க்கும் பலர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரை வைத்தே எடைபோடுகிறார்கள். போர்வெல் தண்ணீரில் 900 காட்டினால் கலக்கம், ஆர்ஓ தண்ணீரில் 30 காட்டினால் நிம்மதி. இரண்டுமே அவசரம். அந்தக் கருவி அளப்பது தண்ணீரின் மின்கடத்து திறனை மட்டும்தான். கரைந்திருப்பது சாப்பாட்டு உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. செடிக்கோ அதுதான் கேள்வியே. வீட்டுக் குழாயில் பொருத்தும் சாஃப்ட்னர் இதற்கு நல்ல சாட்சி. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், மீட்டர் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும், செடிக்கு வேண்டியது மட்டும் போயிருக்கும்.

ஆகவே சொட்டுச் சோதனையில் இரண்டைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது ஜிஎச். இது செடிக்கு உணவு. கால்சியம் குறைந்தால் தளிர் சுருண்டு கோணும். மக்னீசியம் குறைந்தால் பழைய இலை நரம்புகளுக்கிடையே மஞ்சளாகும். பெரும்பாலும் பைகார்பனேட்டைக் குறிப்பது கேஎச். இது நீரின் பிஎச் சட்டென்று சரியாமல் தாங்குகிறது. சுண்ணாம்புப் பாறை வழியே வரும் நீரில் இரண்டும் சேர்ந்தே ஏறுவதால்தான் ஒன்றென்று மயங்குகிறோம். ஆர்ஓ இரண்டையும் துடைத்துவிடும். திருப்பிச் சேர்ப்பது நம் வேலை. 100 லிட்டருக்கு 9 கிராம் ஜிப்சம் ஜிஎச்சைச் சுமார் 3 டிகிரியும், 4.5 கிராம் எப்சம் உப்பு 1 டிகிரியும் உயர்த்தும், கேஎச் மாறாது. அதை 1 டிகிரி உயர்த்த 3 கிராம் சமையல் சோடா போதும், சோடியம் கொஞ்சம் கூடவே வரும். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும். வாளியிலேயே முன்கூட்டிக் கலக்கிவிட்டுத் தொட்டியில் ஊற்றுவது மீனுக்கும் நல்லது.

கடின நீரிலேயே செடிகள் தழைக்கின்றனவே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாலிஸ்நேரியாவும் வேலம்பாசியும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வென்டியும் கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும். இவை மட்டும் போதுமென்றால் ஆர்ஓ செலவே வீண். டோனினா போன்றவற்றுக்குத்தான் தாழ்ந்த கேஎச் வேண்டும்; அதற்கும் முதலில் போர்வெல் நீரில் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்து பார்ப்பதே மலிவு. கடலோரக் கிணற்று உப்புநீர் என்றால் இந்தச் சிக்கனம் எடுபடாது. இத்தனைக்குப் பிறகும் கேஎச் தானாக ஏறிக்கொண்டே போனால், அழகுக்கு வைத்த கல்லை வெளியே எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பார்க்கலாம். பொங்கினால் அது சுண்ணாம்புக் கல்.