புயற்காலத்தில் டிராக்டரிலிருந்து மின்சாரம்

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலில் லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உட்கிராமங்கள் சிலவற்றிற்கு வாரக்கணக்காக மின்சாரம் வரவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இருந்தும் மேலே ஏற்ற வழியின்றி, டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு அமர்த்திக் குடிநீர்த் தொட்டிகளை நிரப்ப நேர்ந்தது. கறவைப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 லிட்டர் நீர் வேண்டும். பத்து உருப்படிகள் உள்ள தொழுவத்திற்குக் குடத்தால் சுமந்து கட்டாது. அத்தகைய சமயத்தில், கொட்டகையில் சும்மா நிற்கும் டிராக்டரைக் கொண்டு மின்சாரம் பெறலாமா என்று குடியானவர்கள் வினவுவதுண்டு. பெறலாம். அதற்கு வழிகள் இரண்டு.

முதலாவது, வண்டியின் பாட்டரியுடன் இன்வெர்ட்டர் ஒன்றை இணைத்து, 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டிற்குரிய 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றிக்கொள்வது. இதில் பலர் ஏமாறுகின்றனர். 1,000 வாட் என எழுதியுள்ள இன்வெர்ட்டரை வாங்கினால் 1,000 வாட் கிடைத்துவிடாது. அதற்குப் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்க வேண்டும். சாதாரண டிராக்டரின் ஆல்டர்னேட்டரோ சுமார் 35 ஆம்பியரே அளிக்கும். எஞ்சினை ஓடவிட்டு 300 வாட் வரை எடுப்பதே உசிதம். விளக்குகள், மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றிற்கு அது போதும். அரைக் குதிரைச் சக்தி மோட்டாரும் அதனால் கிளம்பாது.

நீரேற்ற வேண்டுமானால் எஞ்சினின் சக்தியையே நேராக வாங்க வேண்டும். ரோட்டவேட்டரை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று சுழல்கிறது. இதைப் பல்சக்கரப் பெட்டியாலோ, கப்பி பெல்ட்டாலோ ஏறக்குறைய 2.8 மடங்காக்கி, 1,500 சுற்றுள்ள ஆல்டர்னேட்டருடன் இணைக்கலாம். 5 குதிரைச் சக்தி மோட்டார் ஓடுகையில் 4 முதல் 5 கிலோவாட்டே கொள்ளும். ஆனால் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்குமாதலால், 15 கே.வி.ஏ. ஆல்டர்னேட்டர் வைப்பது நலம். 35 குதிரைச் சக்தி டிராக்டர் இதைத் தாராளமாக ஓட்டும். மோட்டாரை முதலில் கிளப்பிவிட்டு, மற்றவற்றைப் பின்னர் போட வேண்டும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து டீசல் மிச்சம் பிடிக்க முயல்வது வீண் சிக்கனம். தண்டின் வேகம் 500 சுற்றுக்கு இறங்கினாலே மின்சாரம் 50 சைக்கிளிலிருந்து 46 சைக்கிளுக்குத் தாழ்ந்து, நீரின் வரத்தும் குறையும்.

இவ்வளவையும் சரிவரச் செய்தவரும் ஒரு விஷயத்தில் அசட்டையாயிருக்கின்றனர். மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டு வயரிங்கில் இணைப்புக் கொடுத்தால், அம்மின்சாரம் வெளிக்கம்பி வழியே டிரான்ஸ்பார்மரை அடைந்து, மறுபுறம் 11,000 வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தின்மேல் வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளி அதற்குப் பலியாவார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்னும் ஞாபகத்தை மட்டும் நம்பலாகாது. இரண்டில் ஒன்றை மட்டுமே சேர்க்கும் சேஞ்சோவர் சுவிட்சை, லைசென்சு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மழைக்காலத்திற்கு முன்பே பொருத்திக்கொள்ள வேண்டும். எர்த் கம்பியும் அப்போதே அமைக்கத்தக்கது.

டிராக்டரை வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்தி ஓட்டலாகாது. அதன் புகையில் உயிரை மாய்க்கும் விஷவாயு உண்டு. சுழலும் தண்டிற்கு உறையிட்டு, வேஷ்டியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோள் துண்டைக் களைந்த பின்னரே அருகே செல்ல வேண்டும்.