மறதி நோய்க்கு மருந்து: பயோஜென் கதை சொல்லும் பாடம்

பெற்ற பிள்ளையைப் பார்த்து "நீங்க யாரு?" என்று ஒரு தாய் கேட்கும் நிலையை அல்ஸைமர் என்னும் மறதி நோய் உண்டாக்கிவிடுகிறது. அப்படியொரு தாயை வைத்துப் பராமரிக்கும் வீட்டார், "மறதிக்கு மருந்து வந்துவிட்டது" என்ற செய்தியை எவ்வளவு ஆவலோடு படிப்பார்கள்! அந்த ஆவல் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு, மூளை மற்றும் நரம்பு நோய்களுக்கு மருந்து தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பயோஜெனின் அனுபவம் நல்ல உதாரணம்.

1978-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் நிறுவனர்களில் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வால்டர் கில்பர்ட், ஃபிலிப் ஷார்ப் ஆகிய இருவரும் உண்டு. நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோய்க்கான மருந்துகளால் பெயர் பெற்ற பயோஜென், அடுத்து அல்ஸைமரைக் குறிவைத்தது.

மூளைக்கு மருந்து ஏன் கடினம்?

இரத்தத்தில் கலந்துள்ள எல்லாப் பொருட்களும் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி ஓர் இயற்கை அரண் தடுக்கிறது. நம்மைக் காக்கும் இந்த அரணே மருந்துகளையும் தடுத்துவிடுகிறது. மேலும், அறிகுறி வெளியே தெரியும்போது நோய் பல ஆண்டுகள் முற்றியிருக்கும். இறந்த நரம்புச் செல்களை மீட்க வழியில்லை.

அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து திட்டுகளாகிறது. அதை அகற்றினால் நோய் கட்டுப்படும் என்ற கருத்தில் உருவானதே அடுகனுமாப் என்ற மருந்து.

அவசர அனுமதியும் பின்வாங்கலும்

2019 மார்ச்சில், பலன் தெரியவில்லை என்று இதன் இரண்டு பெரிய பரிசோதனைகளையும் பயோஜென் நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு பரிசோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களுக்குப் பலன் இருந்ததாகக் கூறி அனுமதி கேட்கப்போவதாக அறிவித்தது. மற்றொரு பரிசோதனை அதை உறுதிப்படுத்தவில்லை. அந்த ஒரு பரிசோதனையை முதன்மைச் சான்றாக ஏற்கலாமா என்ற கேள்விக்கு, அரசின் நிபுணர் குழுவில் ஒருவர்கூட 'ஆம்' என்று சொல்லவில்லை. ஆனாலும் 2021 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விரைவு அனுமதி வழங்கியது. குழுவைச் சேர்ந்த மூவர் பதவி விலகினர்.

ஆண்டுக்கு 56,000 டாலர் என்று விலை வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடும் பொதுவாகப் பணம் தர மறுத்தது. 2024 ஜனவரியில் பயோஜென் இம்மருந்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அடுத்து வந்த மருந்து

ஜப்பானின் எய்சாய் நிறுவனத்துடன் சேர்ந்து கொண்டுவந்த லெகனமாப், 2023 ஜூலையில் முழு அனுமதி பெற்றது. சுமார் 1,800 பேரிடம் 18 மாதங்கள் நடந்த பரிசோதனையில், நோய் மோசமாகும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. கேட்க இது பெரிதாகத் தோன்றும். ஆனால் 18 புள்ளி கொண்ட அளவுகோலில் இந்த வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு! மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகளும் உண்டு. நோயின் ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கே இது பொருந்தும். போன நினைவை இது திருப்பித் தராது.

நாம் செய்ய வேண்டியது

"மருந்து வந்துவிட்டது" என்ற தலைப்பைப் பார்த்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நோயைத் தீர்க்குமா, வேகத்தை மட்டும் குறைக்குமா? எந்தக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு? பக்கவிளைவு என்ன?

அதேபோல், வயதானவர்களின் மறதியையெல்லாம் அல்ஸைமர் என்று நாமே முடிவு செய்துவிடவும் கூடாது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே வீட்டுப் பெரியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.