பச்சை மரம் நிற்க, வீடு எரிந்தது எப்படி?

“லாஸ் ஏஞ்சலீஸில் வீடுகளெல்லாம் சாம்பலாகிக் கிடக்க, பக்கத்திலேயே மரங்கள் பச்சைப்பசேலென்று நிற்கின்றனவே, எப்படி? விண்வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிக் கொளுத்தினார்கள் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே, உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கதிரும் கிடையாது, சதியும் கிடையாது. ஆனால் கேள்வியின் முதல் பாதி அருமையானது. மலையோரத்து வீடுகளைக் காட்டுத்தீ எப்படிப் பிடிக்கிறது என்பதற்கான விடை அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது.

2025 ஜனவரி 7 அன்று அங்கே வீசியது சாண்டா அனா காற்று. நெவாடா, யூட்டா மேட்டுநிலங்களில் தேங்கிய கனத்த காற்று மலைகளைத் தாண்டிக் கடல் பக்கம் சரியும்போது, இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். ஈரப்பதம் அடிமட்டத்துக்குப் போய்விடும். மாதக்கணக்கில் மழை காணாத புதர்க்காடு கீழே காய்ந்து கிடந்தது. முகடுகளில் வேகம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டியது. பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயிலும் சேர்த்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நெருப்பு மதில்போல மலையிறங்கி வந்து வீட்டை விழுங்குகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது கங்கு. எரியும் புதரிலிருந்து முறிந்த சுள்ளி, பட்டைத் துணுக்கு என்று விரல்நுனி அளவுத் துண்டுகள் சுவாலை இல்லாமல் கனன்றபடியே பறக்கின்றன. சுவாலையைப் பலத்த காற்று அணைத்துவிடலாம். கனலும் கரியிடம் அது பலிக்காது. கரியின்மேல் சாம்பல் போர்த்திக்கொண்டால் உள்ளே ஆக்சிஜன் குறைந்து கனல் மங்கும். இந்தக் காற்றோ சாம்பல் படியப் படிய ஊதித் தள்ளிவிடுகிறது. பறக்கப் பறக்கக் கங்கு சிவக்கிறது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டிக்கூட உயிரோடு இறங்கும்.

விறகடுப்பு மூட்டிப் பழகியவர்களுக்கு மிச்சக் கதை சுலபமாகப் புரியும். கட்டையின்மேல் கங்கை வைத்தால் பற்றாது. முதலில் தேங்காய் நார், சருகு, பிறகு சுள்ளி, அதன் பிறகே கட்டை, கையில் ஊதாங்குழல். வீடுதான் அந்தக் கட்டை. கூரையோரத்து மழைத்தண்ணீர்த் தகரத்தில் அடைந்து கிடக்கும் சருகுதான் நார். சுவரை ஒட்டிய மரவேலிதான் சுள்ளி. ஊதாங்குழலை மலையே பிடித்திருக்கிறது. பரணில் புழுக்கம் சேராதிருக்கக் கூரைக்கடியில் விட்ட துவாரம்தான் அடுப்பு வாய்: அதற்குள் புகும் கங்கு அட்டைப்பெட்டியிலோ பழந்துணியிலோ விழுந்து, வெளியே யாருக்கும் தெரியாமல் வீட்டை உள்ளிருந்து மூட்டுகிறது. பக்கத்து வீடு கொடியடுப்பு. அதற்குத் தனியாக நெருப்பு வைக்க வேண்டாம், தாயடுப்பின் அனலே போதும். இதில் தேங்காய் நார் வெறும் உவமைக்காகச் சொன்னதும் அல்ல. காற்று எச்சரிக்கை வந்தால் வாசலிலிருந்து முதலில் எடுத்து வைக்க வேண்டியவற்றில் ஒன்று நார் மிதியடி.

இப்போது மரத்துக்கு வருவோம். பச்சை இலையில் அதன் உலர்ந்த எடைக்கு நிகரான தண்ணீர், சில சமயம் அதைவிட அதிகமாகவே, இருக்கும். அதில் பெரும்பகுதி ஆவியாகாமல் இலை எளிதில் பற்றாது. கங்கு தங்க இலையில் இடுக்கும் இல்லை. வீட்டு மரச்சட்டமோ ஆண்டுக்கணக்கில் உலர்ந்தது, பற்றினால் மணிக்கணக்கில் எரியும். பல படங்களில் உற்றுப் பார்த்தால், வீட்டைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருக்கும். மரம் வீட்டைக் கொளுத்தவில்லை. வீடுதான் மரத்தைச் சுட்டிருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோஹென் 1990-களின் இறுதியில் கனடாக் காட்டில் முழு உயரத்துக்கு எரியும் தீக்கு முன்னால் மரச்சுவர்களை நட்டுப் பார்த்தார். 10 மீட்டரில் சில சுவர்கள் பற்றின. 20 மீட்டரில் பற்றவில்லை. நெருப்பின் அனல் அவ்வளவு தூரம்தான் எட்டும். அதற்கு அப்பாலுள்ள வீட்டை எரிப்பது கங்கு. பிற்பாடு தென் கரோலினாவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வுக்கூடம் 105 ராட்சத விசிறிகளைக் கொண்டு முழு வீட்டின்மேலேயே கங்கு மழை பொழிந்து இதை உறுதிசெய்தது.

ஒவ்வொரு பெருந்தீக்குப் பிறகும் கூரைத் தெளிப்பான், சுவரில் பூசும் தீத்தடுப்புப் பசை, செயற்கை நுண்ணறிவுக் கேமரா என்று விளம்பரங்கள் வரிசைகட்டுகின்றன. சாண்டா அனா வேகக் காற்றில் தெளித்த நீர் கூரையில் எவ்வளவு தங்கும்? ஜனவரி 7 இரவு தண்ணீர் கொட்டும் விமானங்களாலேயே பறக்க முடியவில்லை. பாலிசேட்ஸ் மேட்டில் தீயணைப்புக் குழாய்கள் வறண்டன. கேமரா தீயைச் சீக்கிரம் காட்டும், கங்கைத் தடுக்காது. எனக்கு நம்பிக்கை தருபவை விளம்பரம் ஆகாத வேலைகள்: துவாரங்களில் 3 மி.மீ.க்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை, சருகு வாரிய கூரை, சுவரைச் சுற்றி 5 அடிக்குச் செடி, விறகு, மரப்பலகை எதுவுமில்லாத வெறுந்தரை. இந்த 5 அடிக்குக் கலிஃபோர்னியா 2020-லேயே சட்டம் போட்டது. விதிமுறை எழுதி முடிப்பதற்குள் 2025 தீ வந்துவிட்டது. சுவரோரச் செடிகளை இழக்க மனமில்லாதவர்களின் எதிர்ப்பும் எழுந்தது. அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஜன்னலுக்குக் கீழே காய்ந்து நிற்கும் செடி சுள்ளிதான்.

வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒருவர் மட்டும் இதைச் செய்து பெரிதாகப் பயனில்லை, கொடியடுப்புக் கணக்கு அங்கே வேலை செய்யும். 2021 டிசம்பர் 30-இல் கொலராடோவின் மார்ஷல் தீ ஒரே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது அப்படித்தான், வீட்டிலிருந்து வீட்டுக்கு.

இவ்வளவும் காற்று எழுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை. எழுந்த பிறகு செய்ய வேண்டியது ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கிளம்புவதுதான். ஈட்டன் தீ மாலை 6 மணிவாக்கில் தொடங்கியது. அல்டடீனா ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு வந்தபோது மறுநாள் அதிகாலை 3 மணி தாண்டிவிட்டது. அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த மேற்குப் பகுதிக்காரர்கள். வானிலை மையம் அதியுச்ச எச்சரிக்கையைத் தீ தொடங்கியதற்கு முந்தைய நாளே, ஜனவரி 6-ஆம் தேதியே, விடுத்திருந்தது. நடக்க முடியாத முதியவர் உள்ள வீடுகள் கிளம்புவதற்கு அந்த எச்சரிக்கையையே உத்தரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் நிர்வாகங்களும் அவர்களை அப்போதே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்ள வேண்டும்.