உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடப் பலகையைப் படித்துப் பாருங்கள்!

● பூதலூர்ப் பக்கம் ஜூன் மாதத்தில் இரண்டு செலவு சேர்ந்தே வரும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணைக்கு வருமுன் குறுவைக்கு விதைநெல்லும் உழவுக்கூலியும் பார்த்தாக வேண்டும். பள்ளிச் சேர்க்கையும் அதே வாரங்களில்தான். அந்த நெருக்கடியில், "பீஸ் எவ்வளவு? இங்கிலீஷ் மீடியம் இருக்கா?" என்ற இரண்டு கேள்வியோடு முடிவெடுத்துவிடுகிறோம். மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும்: இது எந்த வகைப் பள்ளி? பிள்ளை கல்லூரி வாசலுக்குப் போகும்போது அந்தப் பதில் முன்னால் வந்து நிற்கும்.

● அமெரிக்காவில் 'சார்ட்டர் பள்ளி' என்று ஒரு வகை உண்டு. பணம் அரசுடையது, நடத்துவது தனி நிர்வாகம், கட்டணம் கிடையாது. மினசோட்டா மாநிலம் 1991-ல் அதற்குச் சட்டம் போட்டது. மறு ஆண்டு முதல் பள்ளி திறந்தது. நம் ஊரில் இதற்கு நெருங்கிய உறவு, அரசு உதவி பெறும் பள்ளி. தனியார் பள்ளிக்கு அரசு மானியம் தரும் முறைக்கு 1854-ல் வந்த உட் அறிக்கையே வழி போட்டது.

● தனியார் கைகொடுத்த பள்ளிக்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம்: திருக்காட்டுப்பள்ளியின் சர் சிவசாமி ஐயர் மேல்நிலைப் பள்ளி. பக்கத்துப் பழமார்நேரியில் 1864-ல் பிறந்து, சென்னை மாகாண அட்வகேட் ஜெனரலாக உயர்ந்தவரின் பெயர் அது. பெரிய பதவிக்குப் போனவர் சொந்த மண்ணின் பள்ளிக்குக் கைகொடுத்தது இந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பேறு.

● உதவி பெறும் பள்ளியில் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். நியமனத்துக்கு ஒப்புதல் தருவது கல்வித்துறை. அந்தப் பணியிடத்துக்குச் சம்பளம் தருவது அரசு.

● 'ஊ.ஒ.தொ. பள்ளி' என்று பலகையில் பார்த்திருப்பீர்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர் பணியைப் பொறுத்தவரை ஒன்றியம் இன்று பெயரில்தான் இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் 1981 முதல் அரசு ஊழியர்கள்.

● தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று பேர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும்: ஒருவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டும்போதே நான்காம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு கொடுத்தாக வேண்டும். ஆகஸ்ட் 1-ஆம் தேதித் தலைக்கணக்கை வைத்தே பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். ஊரில் பத்துப் பிள்ளைகள் வேன் ஏறி வேறு பள்ளிக்குப் போனால், மிச்சமிருக்கும் பிள்ளைகள் ஓர் ஆசிரியரையே இழக்கக்கூடும். இதை ஊர் கூடிப் பேசியே ஆக வேண்டும்.

● பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளியில் வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. உதவி பெறும் பள்ளியில் அதே குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்; 2012-ல் வந்த சட்டத் திருத்தம் அப்படி.

● இனித்தான் முக்கியமானது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். (கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் வழி உண்டு.) பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் மறு ஆண்டே இது விரிந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடித்து, ஒரே தெருவிலிருந்து ஒருத்தி அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் இன்னொருத்தி உதவி பெறும் பள்ளிக்கும் போகிறாள். இரண்டு பேரின் அம்மாவும் ஒரே வயலில் நாற்று நடுகிறவர்கள். ஒருத்திக்கு ஒதுக்கீடு, மற்றவளுக்கு இல்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். சட்டம் மாறும் வரை, ஆறாம் வகுப்பில் சேர்க்குமுன் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

● மற்றவற்றில் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. மதிய உணவு இரண்டு வகைப் பள்ளியிலும் உண்டு. காலை உணவு 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025-ல் நகரப் பகுதிகளுக்கும் வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள். ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இந்த இரு தரப்பும் உண்டு.

● மேலே 'தமிழ்வழி' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழி வகுப்பு சுயநிதிப் பிரிவாக நடக்கிறது. ஒரே வளாகம், ஒரே சீருடை. ஆனால் அங்கே கட்டணம் உண்டு, ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் இல்லை. "என் பிள்ளை சேர்வது உதவி பெறும் பிரிவா, சுயநிதியா?" என்று கேட்டு, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

● ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் இணையதளத்தில் அதைப் போட்டால் பள்ளியின் வகை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரமெல்லாம் வரும். எண் தெரியாவிட்டால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.